வீடு கிட்டங்கி ஆகலாமா?

சரக்கு தேங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருப்பில் வண்டு விழும், வற்றல் நிறம் மங்கும், போட்ட முதல் முடங்கும். கடையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வீட்டுப் பரணை என்றைக்காவது இருப்பு எடுத்துப் பார்த்திருக்கிறோமா?

காலி எண்ணெய் டின், சணல் சாக்கு, கல்யாணப் பத்திரிகை, இருபது வருடத்துச் சிட்டை. "எதற்காவது உதவும்" என்பது நமக்கு ஊறிப்போன பேச்சு. பழைய பேப்பரையும் விட மாட்டோம். பொட்டலம் மடித்த கை அல்லவா! சிக்கனம் நல்லதுதான். ஆனால் எதையும் கழிக்க மனம் வராமல், நடக்கவும் படுக்கவும் இடமின்றிப் பொருள் பெருகினால் அது சிக்கனம் அல்ல, நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இது இருக்கிறது.

நியூயார்க்கில் ஹார்லெம் என்ற பகுதியில் ஹோமர், லாங்லி காலியர் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், படித்தவர்கள். அண்ணன் ஹோமருக்குக் கண் பார்வை போயிற்று. பிறகு எழுந்து நடக்கவும் முடியவில்லை. தம்பிதான் சோறு ஊட்டிப் பார்த்துக் கொண்டார். அண்ணனுக்குப் பார்வை திரும்பினால் விட்டுப்போன செய்திகளைப் படிப்பாரே என்று வருடக்கணக்கில் செய்தித்தாள்களை அடுக்கி வைத்தார். பேராசை என்று சொல்ல முடியுமா? பாசம்தான். திருடர்களுக்குப் பயந்து, குப்பைக்கு நடுவே எலிவளை போல் வழி விட்டு, ஆங்காங்கே கட்டுகள் சரிந்து விழும்படி பொறியும் வைத்திருந்தார்.

1947 மார்ச் 21-ஆம் தேதி போலீசார் வாசல் வழியே நுழைய முடியாமல் மாடி ஜன்னல் வழியாக இறங்கினார்கள். ஹோமர் இறந்து கிடந்தார். தம்பியை ஊரெல்லாம் தேடினார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதிதான், அண்ணன் கிடந்த இடத்திலிருந்து சுமார் பத்தடி தூரத்தில் சடலம் கிடைத்தது. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போகையில் தாம் வைத்த பொறியே சரிந்து நசுங்கியிருக்கிறார். உணவு தர ஆளின்றி அண்ணனும் போய்விட்டார். வெளியே எடுத்த பொருள் நூறு டன்னுக்கு மேல். பத்து டன் லாரி என்றால் பத்து லோடு! அதில் பியானோ மட்டும் 14. அந்த வருடமே வீட்டை இடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் பொறி வைக்க வேண்டியதில்லை. அடுப்புக்கு அருகே அட்டைப்பெட்டி போதும். தீப்பிடித்தால் ஓட வழி இருக்காது, ஸ்ட்ரெச்சர் உள்ளே வராது. எலி குடியேறினால் எலிக்காய்ச்சலும் கூடவே வரும். வயதானவர் சாக்கில் கால் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எழுவது கஷ்டம்.

எங்கள் கடைவீதியில் நாற்பது வருடம் மளிகை நடத்திய அண்ணாச்சி ஒருவர் கடையை மூடிய பிறகு, வீட்டம்மாவும் காலமானபின் இப்படி ஆனார். மூன்று அறையில் இரண்டு அடைந்துவிட்டது. அவர் திருச்செந்தூர் போயிருந்த நேரம் பார்த்து மகன் எல்லாவற்றையும் பழைய சாமான் வண்டிக்கு ஏற்றிவிட்டான். நல்ல எண்ணம்தான், ஆனால் தப்பான வேலை. ஆறு மாதம் மகனோடு பேச்சில்லை. வருடம் முடிவதற்குள் அறைகள் மறுபடி நிறைந்தன.

பிறகுதான் 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணில் கேட்டோம். அவர்கள் சொன்னபடி பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். மாத்திரையைவிடப் பேச்சு வைத்தியமே முக்கியம் என்றார் டாக்டர். அவர் அனுமதியில்லாமல் ஒரு துரும்பையும் எடுக்காதீர்கள், முதலில் அடுப்படியையும் கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் வழியையும் மட்டும் ஒழியுங்கள் என்றார்.

ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, இருப்பு எடுப்போமா?" என்று பேரேட்டைப் பிரித்தேன். அந்தச் சொல் வேலை செய்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: டின் 46, சாக்கு 310, குடை 9. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் இல்லை. விலை பேசி வண்டிக்காரரிடம் கொடுத்ததும் அவரேதான். எட்டு மாதத்தில் ஒரு அறை காலி.

சென்ற வாரம் வீட்டம்மா கைப்பட எழுதிய சாமான் சிட்டைக் கட்டு ஒன்று வந்தது. வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். நான் பேரேட்டில் "இருப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தேன்.