வெஸ்டிங் தேதியில் வரும் வரி

சென்ற வாரம் பி.எஃப். கணக்கைப் பார்த்தோம். இந்த வாரம் கம்பெனிப் பங்கு.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், 'கம்பெனி என்ன கொடுத்தது?' என்று கேட்டால் தீபாவளி போனஸைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20. இன்று அதே பேட்டையில் ஐ.டி. பார்க்குகள் நிற்கின்றன. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலரின் ஆஃபர் லெட்டரில் 'ஆர்.எஸ்.யூ.' என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டில் அதையும் போனஸோடு சேர்த்துக் கூட்டி, வீட்டுக் கடனுக்குத் திட்டம் போட்டுவிடுகிறார்கள்.

ஆர்.எஸ்.யூ. என்பது கம்பெனி இலவசமாகத் தரும் பங்கு. ஆனால் உடனே கைக்கு வராது. பெரும்பாலும் நான்கு வருடத்துக்குப் பிரித்துத் தருவார்கள். நடுவில் வேலையை விட்டால் மீதி போய்விடும். ஈசாப் வேறு. முன்பே குறித்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வாங்குவதில் பயன் இல்லை.

சென்னை வீடுகளுக்குள் இந்தப் பேச்சைக் கொண்டுவந்தது ஃப்ரெஷ்வொர்க்ஸ். கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் இங்கே தொடங்கிய கம்பெனி. 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர். முதல் நாளே 47 டாலரைத் தாண்டி முடிந்தது. இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்தது. கூட உழைத்தவர்களுக்குப் பங்கு கொடுத்தது மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அடுத்த ஆண்டே அந்தப் பங்கு 20 டாலருக்குக் கீழே இறங்கியது.

வரி எந்த விலைக்கு என்பதுதான் இதில் முக்கியம். ஆர்.எஸ்.யூ. பங்கு உங்கள் பெயருக்கு வரும் நாள்தான் வெஸ்டிங் தேதி. அன்றைய விலை முழுவதும் சம்பளமாகவே கருதப்படும். ஒரு கணக்குப் போடுவோம். 100 பங்கு, விலை 40 டாலர், டாலர் 75 ரூபாய் என்றால் மொத்தம் 3 லட்சம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 93,600 ரூபாய் வரி. அதற்காகக் கம்பெனியே 32 பங்கை விற்றுவிடும், மீதி 68. ஏறும் என்று வைத்திருக்கிறார். விலை 15 டாலராகிறது, டாலர் 80 ரூபாய். கையில் இருப்பதன் மதிப்பு 81,600 ரூபாய். கட்டிய வரியைவிடக் குறைவு! அந்த வரி திரும்பி வராது. நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. வேறு மூலதன லாபம் வந்தால்தான் கழிக்கலாம்.

ஆகவே, வெஸ்ட் ஆனதும் பெரும்பகுதியை விற்றுவிடுங்கள் என்பேன். அன்றைய விலைக்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்று. உடனே விற்றால் மேற்கொண்டு வரி ஏறக்குறைய இல்லை. 'கம்பெனி மேல் நம்பிக்கை இருக்கிறதே' என்பார்கள். மாதச் சம்பளமே அந்த நம்பிக்கையில்தான் வருகிறது. சேமிப்பும் அங்கேயே கிடந்தால், கம்பெனிக்கு ஒரு கெட்ட வருடம் வரும்போது வேலை, சேமிப்பு இரண்டும் சேர்ந்து ஆடும்.

அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஐ.டி.ஆர்.-1 படிவம் உங்களுக்கு ஆகாது. வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்.ஏ.வில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை எழுத வேண்டும். கம்பெனி டி.டி.எஸ். பிடித்திருந்தாலும், ஒரே ஒரு பங்கு இருந்தாலும் எழுத வேண்டும்.

(தொடரும்)