காலிலிருந்து கைக்கு வந்த ஆர்மோனியம்

ராசா வட்டாரத்துக் கோயில் பஜனைகளில் தரையில் சம்மணமிட்டு ஆர்மோனியம் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1840-களில் பாரிசில் டெபேன் என்பவர் உருவாக்கிய ஆர்மோனியத்தை ஆசனத்தில் அமர்ந்து, கால்களால் மிதித்துத்தான் வாசிக்க வேண்டும். தரையில் அமரும் நம்மவர்க்கு அது தோதுப்படவில்லை. 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் மிதிகளை நீக்கி, பின்புறம் கைத்துருத்தி வைத்தார். ஒரு கை காற்றடிக்க, மறு கை வாசித்தது. இரு கைகளும் வாசிப்புக்கு வேண்டுமென்ற தமிழ் நாடக மேடையில் கால் ஆர்மோனியம் நிலைத்தது.

பெற்றோர்களே! ஆர்மோனியம் பழகும் பிள்ளை தோள் வலிக்கிறது என்றால், சோம்பல் என்று அதட்டாதீர்கள். முழங்கை, கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி பாயை மடித்துப் போட்டு உட்காரவையுங்கள். வாசிப்பவரின் வசதிக்காக வாத்தியத்தையே மாற்றினார் கோஷ். பாயை மடிக்க நமக்கென்ன சிரமம்?