நான்காவது கோப்பை

கோடை விடுமுறைக்குப் புனேயிலிருந்து வந்த பேத்தி ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வைத்தாள். ரம்மி ஆடலாம் என்று உட்கார்ந்தேன். "இது டாரட், தாத்தா. ஒரு சீட்டு எடுங்க" என்றாள். எடுத்தேன். அதைப் பார்த்ததும், "தாத்தாவேதான்!" என்று பாட்டியிடம் ஓடினாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

படம் இதுதான். மரத்தடியில் ஓர் இளைஞன் கால்களை மடக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே புல்தரையில் மூன்று கோப்பைகள். பக்கத்தில் ஒரு மேகத்திலிருந்து கை ஒன்று நீண்டு நான்காவது கோப்பையைக் கொடுக்கிறது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டின் பெயர் 'நான்கு கோப்பைகள்'.

டாரட் ஜோசியத்துக்காகப் பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காக உண்டானது. அதை வைத்துக் குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிரபலமாயிற்று. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் 22 பெரிய சீட்டுகள். மீதி 56ம் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனங்கள், இனத்துக்கு 14. கோப்பை இனம் மனத்தையும் உறவுகளையும் குறிக்கும் என்பார்கள்.

பழைய கட்டுகளில் பெரும்பாலும், நம் ரம்மிச் சீட்டைப் போலவே, நான்கு என்றால் நான்கு கோப்பைகள் மட்டும் இருக்கும். 1909இல் லண்டனில் வெளியான கட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு காட்சி வந்தது. வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. அந்தக் கட்டு இன்றும் உலகெங்கும் விற்கிறது. அவரோ 1951இல் வறுமையில் காலமானார். வெகுகாலம் கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடர் இருந்தார், வெய்ட் இருந்தார்; வரைந்தவர் இல்லை.

இந்தச் சீட்டுக்கு வெய்ட் சொன்ன பொருள்: சலிப்பு, வெறுப்பு, கற்பனையான மனக்குறை. தலைகீழாக விழுந்தால் புதுமை, புது உறவு. முன்னும் பின்னும் உள்ள சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். மூன்றில் பெண்கள் மூவர் கோப்பைகளை உயர்த்திக் கொண்டாடுகிறார்கள். ஐந்தில் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்து ஒருவர் துக்கத்தில் நிற்கிறார். பின்னால் நிற்கும் இரண்டைக் கவனிக்கவில்லை. கொண்டாட்டத்துக்கும் இழப்புக்கும் நடுவில் இருப்பதுதான் இந்த நான்கு. இவனுக்கு எதுவும் போய்விடவில்லை. ஆனாலும் திருப்தி இல்லை.

சிலர் இதைத் தியானம் என்றும் சொல்கிறார்கள். நீட்டுகிற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, யோசிப்பதும் நல்லதுதான். யோசிப்பவன் ஒரு முடிவோடு எழுந்திருப்பான். குறைப்படுகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் எந்த ரகம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பட்டம் இல்லை, டிப்ளமாதான் என்று எனக்கு ஒரு பதவி உயர்வு தவறியது. ஓய்வு பெற்ற பிறகும் பால்கனி நாற்காலியில் அதையே நினைத்துக் கொண்டிருந்தேன். பென்ஷன் வருகிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். மூன்று கோப்பைகளும் எதிரில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர நம் சங்கச் செயலாளர் இரண்டு முறை வந்து கேட்டார். "பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். சிரித்துவிட்டுப் போன அதே பேத்தி, மறுநாள் காலண்டரில் தமிழை எழுத்துக்கூட்டித் திணறியபோதுதான் எனக்கு உறைத்தது.

சீட்டு வருங்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. என் நிகழ்காலத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது. போன ஞாயிறு வகுப்புக்கு ஏழு குழந்தைகள் வந்தார்கள். 'ழ' எழுதுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.