வேலிக்குள் நிற்கும் குதிரைக்கு ஓட இடமில்லை
கோடையில் லாய வேலைக்குப் போகும் எம்மவர்களுக்குச் சில விடயங்கள்

லாசாலில் குடியிருக்கும் எமது குடும்பங்களுக்கு மேர்சியே பாலம் என்றதும் வாகன நெரிசல்தான் ஞாபகம் வரும். அந்தப் பாலத்தைத் தாண்டி ககனவாகே, சாத்தகே என்று போகப் போக வீடுகள் குறைந்து, சோள வயல்களும் குதிரைகள் மேயும் புல்வெளிகளும் வரும். நகரத்துக்குள் இப்போது குதிரையைக் காண்பது அரிது. பழைய மொன்றியலில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய 'கலேஷ்' வண்டிகள் மாநகரசபையின் சட்டப்படி 2019 டிசம்பர் 31 உடன் நின்றுவிட்டன. குதிரையோடு வேலை செய்ய விரும்புபவர் இனிப் பாலம் தாண்டித்தான் போகவேண்டும்.

போகிறார்கள். தொழிற்சாலையில் வேலை குறையும் மாதங்களிலும், சனி ஞாயிறுகளிலும் எம்மவர் சிலர் லாயங்களில் கை உதவிக்கு நிற்கிறார்கள். நானும் மூன்று கோடைகளாகச் சனிக்கிழமைகளில் ஒரு லாயத்தில் லத்தி அள்ளுகிறேன். பாசை பெரிதாகத் தேவையில்லை, முதுகு பலம் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். ஆனால் யூன், யூலையில் அங்கே பெரிய வேலை லத்தி அள்ளுவது அல்ல. குதிரைகளை இலையானிடமிருந்து காப்பாற்றுவதுதான்.

இலையான் கடிக்குமா என்று கேட்பீர்கள். ஊரில் இலையான் என்றால் மீனிலும் மாம்பழத்திலும் மொய்க்கும், கடிப்பது நுளம்பு. மாட்டில் மொய்க்கும் இலையானுக்கும் உண்ணிக்கும் பின்னேரம் கொட்டிலில் வேப்பிலை போட்டு மூட்டம் போடுவோம். அதோடு காரியம் முடிந்தது. இங்கே அதைச் செய்ய நினைக்கவும் வேண்டாம். எங்கள் கொட்டில் நாலு பக்கமும் திறந்தது. இங்குள்ள லாயம் மரத்தால் கட்டி, மேல்தட்டில் உலர்ந்த புல்லை அடுக்கி வைத்த மூடிய கட்டடம். ஒரு பொறி போதும், குதிரைகளை வெளியே எடுக்கவும் நேரம் இராது. புகை குதிரையின் நெஞ்சுக்கும் கூடாது.

இங்கே கடிக்கும் இலையான் ஒன்றல்ல, பல சாதி. ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி நேரம். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். விளங்காவிட்டால் போத்தல் போத்தலாக மருந்து அடித்தும் பயன் இல்லை.

முதலில் வருவது கறுப்பு இலையான். பிரெஞ்சில் 'மூஷ் நுவார்' என்பார்கள். மே நடுப்பகுதியில் தொடங்கி யூன் முழுவதும் இருக்கும். கடுகு அளவுதான், ஆனால் கடித்த இடத்தில் இரத்தம் வடியும். இது ஓடும் நீரில் வளர்வது. அருவி, ஓடை இருக்கும் பக்கம் அதிகம். குதிரையின் காதுக்குள் புகுந்துதான் கடிக்கும். அதனால் காதின் உட்புறத்தில் வாசிலின் பூசுவோம், அல்லது காது மூடும் வலைத்தொப்பி போடுவோம். காது மயிரை அழகுக்காக வெட்டக்கூடாது. அந்த மயிர்தான் குதிரைக்கு இயற்கை கொடுத்த வேலி. (இடையில் ஒரு விடயம்: கோடைத் தொடக்கத்தில் லாசால், வேர்டன் ஆற்றங்கரை வீடுகளின் சுவரிலும் யன்னலிலும் கூட்டமாக வந்து ஒட்டும் 'மான்' என்ற பூச்சியைக் கண்டு புதிதாக வந்தவர்கள் பயப்படுகிறார்கள். அது கடிக்காது. கூட்டித் தள்ளிவிடலாம்.)

யூன் கடைசியில் உண்மையான எதிரி வரும். மான் இலையான், அதைவிடப் பெரிய குதிரை இலையான். கியூபெக்காரர் பெரியதை 'ஃபிறாப்பபோர்' என்பார்கள். நுளம்பு ஊசி போலக் குத்தி உறிஞ்சும். இது அப்படியல்ல. இதன் வாயில் கத்தி போன்ற அலகுகள் உண்டு. தோலை வெட்டி, ஊறும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். குடிப்பது பெண் மட்டும். முட்டைக்கு அந்த இரத்தம் வேண்டும். நல்ல வெயில், காற்றில்லாத வெப்பமான பகல், இதுதான் அதன் நேரம். அசையும் கருமையான பொருளையும் மூச்சுக்காற்றையும் தேடி வரும். சதுப்பு நிலத்துச் சேற்றில் வளர்வதால் அதன் பிறப்பிடத்தை அழிக்க முடியாது.

ஒரு குதிரையை இது எப்படி வதைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். வால் ஓயாமல் அடிக்கும். தோல் தன்பாட்டில் துடிக்கும். குதிரையின் தோலுக்குக் கீழே அதற்கென்றே ஒரு தசை இருக்கிறது. இரண்டு குதிரைகள் ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால் இருக்கும்படி ஒட்டி நின்று, ஒன்றுக்கொன்று முகத்துக்கு விசிறும். ஆளுக்காள் உதவி என்பதை இதுகளிடம் பார்க்க வேண்டும்! அதுவும் முடியாதபோது ஓடும். மேய்வதை விட்டுவிட்டு வேலி ஓரமாக நாள் முழுக்க ஓடி இளைத்துப்போகும். வெறிபிடித்து வேலியை உடைத்தால் கால் முறியும். கால் முறிந்த குதிரையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

எங்கள் நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே தன்னிச்சையாக அலைகின்றன. வறட்சியில் தண்ணீர் இல்லாமல் துன்பப்படுகின்றன, அது வேறு கதை. ஆனால் ஓரிடத்தில் இலையான் கூடினால் காற்று வீசும் வெளிக்குப் போக அவற்றுக்குக் கால் இருக்கிறது, தடுக்க வேலி இல்லை. இங்கே நாங்கள் வேலி போட்டு அந்த வழியை அடைத்துவிட்டோம். ஆகவே அதுவாகப் போகக்கூடிய இடத்துக்கு நாங்கள்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

அந்த இடம் எது? பகலில் லாயத்தின் இருட்டு. கறுப்பு இலையானோ குதிரை இலையானோ இருட்டான கட்டடத்துக்குள் நுழைய விரும்பாது. ஆகவே யூலையில் காலை பத்து மணிக்குள் குதிரைகளை உள்ளே எடுத்துவிடுவோம். இருண்ட பிறகு வெளியே விடுவோம். பகலில் வெளியே நிற்கத்தான் வேண்டுமென்றால் காட்டு ஓரத்தையும் சதுப்பு ஓரத்தையும் தவிர்த்து, காற்றுப்படும் மேட்டில் விடவேண்டும். நல்ல மின்விசிறி பெரிய உதவி. காற்றில் இந்தப் பூச்சிகளால் பறந்து உட்கார முடியாது. ஆனால் வீட்டு மின்விசிறி வேண்டாம், புல்தூசி மோட்டாருக்குள் போய்த் தீப்பிடிக்கும். தூசி புகாதபடி மூடிய மோட்டார் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குதிரை இலையானுக்குப் பகல் என்றால் நுளம்புக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கடிப்பூச்சிக்கும் பொழுதுபடும் நேரமும் விடியும் நேரமும். ஒன்றுக்குத் தப்ப மற்றதிடம் மாட்டுவோம். என் அபிப்பிராயம், பொழுதுபட்டு நன்றாக இருண்டபின் விடுவதுதான் நல்லது. கடியால் தோல் சொறிந்து புண்ணாகும் குதிரை இருந்தால் அதை விடியலுக்கு முன்பே உள்ளே எடுக்கவேண்டும். எல்லாக் குதிரைக்கும் ஒரே மணிக்கூடு சரிவராது.

லாய இலையான் என்று இன்னொன்று உண்டு. பார்த்தால் வீட்டு இலையான் போலவே இருக்கும், ஆனால் ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். காலில் கடிக்கும், குதிரை காலை நிலத்தில் அடித்தபடியே நின்றால் இதுதான் காரணம். குடித்தவுடன் போய்ச் சுவரில் இருந்துவிடும். அதனால் குதிரையில் மருந்து அடிப்பதில் அதிக பலன் இல்லை. இது மட்டும் எங்கள் கைக்குள் இருக்கும் இலையான். ஈரமான பழைய வைக்கல், மூத்திரம் ஊறிய புல், லத்தி, இவற்றில்தான் முட்டையிடும். கோடையில் முட்டை இலையானாகச் சுமார் மூன்று வாரம் செல்லும். வாரம் ஒருமுறை ஒழுங்காக அள்ளிவிட்டால் அதற்குள் கதை முடிந்துவிடும். மூலையில் கிடக்கும் ஈரத்தையும், தீனிப் புல் சிந்தி மிதிபட்ட இடத்தையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் அள்ளுபவரை எந்த முதலாளியும் அடுத்த கோடைக்குக் கூப்பிடமாட்டார்.

சாமான்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்ணுக்கு வலை முகமூடி நல்லது. குதிரைக்கு அதற்குள்ளால் பார்வை தெரியும். தினமும் கழற்றிக் கண்ணைப் பார்க்க மறக்கக்கூடாது. வரிக்குதிரைக் கோடு போட்ட வலைப் போர்வையைக் கண்டால் சிரிக்காதீர்கள். 2019இல் இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் ஒரே குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, கோடு போட்ட போர்வைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கோட்டுப் போர்வையில் மிகக் குறைவான இலையான்களே இறங்கின. போர்வை இல்லாத தலையில் வழமைபோல் இறங்கின. அதே ஆண்டு யப்பானில் கறுத்த மாடுகளுக்கு வெள்ளைக் கோடு கீறிப் பார்த்தபோது கடிக்கும் இலையான்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. கறுப்புப் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, மேலே கூம்பு வைத்த 'மனிற்றோபா' பொறியும் இங்கே பல பண்ணைகளில் உண்டு. வெயிலில் சூடாகும் பந்தை மிருகம் என்று நினைத்து வரும் இலையான், மேலே எழும்பிக் கூம்புக்குள் அகப்படும்.

உள்ளி கொடுத்தால் இலையான் வராது என்று இங்கேயும் சிலர் நம்புகிறார்கள். எமக்கு உள்ளி நல்லதுதான். ஆனால் 2005இல் ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வில், அதிகமாக உள்ளி தின்ற குதிரைகளுக்கு இரத்தசோகை வந்தது. மருந்துத் திரவங்களில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது குதிரைக்குப் பாதகமில்லை, பூனைக்கு நஞ்சு. லாயத்துப் பூனை ஈரமான குதிரையில் உரசவிடக்கூடாது.

இலையான் நோயும் காவும். குதிரைத் தொற்று இரத்தசோகை என்ற நோயின் கிருமியைக் குதிரை இலையான் வாயில் ஒட்டிய இரத்தத்தோடு பக்கத்துக் குதிரைக்குக் கொண்டுபோகும். கனடாவில் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நோய் உறுதியானால் குதிரையைக் கொல்லவேண்டும், அல்லது வாழ்நாள் முழுவதும் மற்றவற்றிலிருந்து தனியே வைக்கவேண்டும். 1970இல் கொகின்ஸ் என்ற மிருக வைத்தியர் கண்டுபிடித்த இரத்தப் பரிசோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. புதுக் குதிரை வந்தால் அந்தக் கடதாசியைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். நுளம்பால் வரும் வெஸ்ற் நைல் நோய் 2002 முதல் கியூபெக்கில் உண்டு. அதற்குக் குதிரைக்குத் தடுப்பூசி இருக்கிறது, மனிதருக்கு இல்லை.

இனி எங்கள் உடம்பு. வெளிர்நிற நீளக் கைச்சட்டை, நீளக் காற்சட்டை, தொப்பி போடுங்கள். மான் இலையான் தலையைத்தான் சுற்றும். இலையான் கடிக்கும் குதிரையின் பின்னால் நிற்காதீர்கள். உதைப்பது உங்களுக்கல்ல, இலையானுக்குத்தான். ஆனால் படுவது உங்களில். குரல் கொடுத்துக்கொண்டு தோள் பக்கமாகக் கிட்டப் போங்கள். தமிழில் கதைத்தாலும் அதற்குச் சரிதான்.

பிள்ளைகளைப் பண்ணைகளுக்குப் 'பொனி' சவாரிக்குக் கூட்டிப் போகும்போது, குதிரைக்கு அடிக்கும் மருந்தைப் பிள்ளைகளில் பூசவே வேண்டாம். கடையில் மனிதருக்கென்று விற்பதை வாங்குங்கள். கனடா சுகாதாரத் திணைக்களத்தின் அளவு இது: டீற் கலந்தது என்றால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது, தள்ளுவண்டிக்கு வலை போடவேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 10 வீதத்துக்கு மேற்படாதது, நாளுக்கு ஒருமுறை. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை அதே 10 வீதம், நாளுக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு 30 வீதம் வரை. கடித்த இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவி ஐஸ் வையுங்கள். முகம், நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 911. அப்படி இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றால் 811 ஐ அழையுங்கள். தாதிமார் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்வார்கள்.