மனமுடைக்கும் மேட்டைத் தாண்டியவர்கள்

ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. பிள்ளையை இடுப்பிலும் உடுப்புப் பொட்டலத்தைக் கையிலுமாக வயல் வரம்பால் ஓடியதுதான் நினைவுக்கு வரும். தம்பலகாமத்தில் என் வயதுப் பெண்கள் எவரைக் கேட்டாலும் 1985 என்றும் 1990 என்றும் ஆண்டைச் சொல்லி, எந்த வழியால் ஓடினோம், எங்கே ஒளிந்தோம் என்று விவரமாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட எங்களுக்கு, ஒருவரும் துரத்தாமல், தாமே விரும்பிக் காசும் கட்டி 42 கிலோமீற்றர் ஓடுகிறார்கள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது.

எனது அக்காவின் மகள், என் பெறாமகள், அமெரிக்காவில் பொஸ்ரன் நகரில் குடும்பமாக இருக்கிறாள். 2023 ஏப்ரல் 17ஆம் திகதி அந்த நகரத்தின் மரதன் ஓட்டத்தில் அவள் ஓடினாள். பிறகு தொலைபேசியில் மூன்று நாட்களாக அந்தக் கதையைச் சொன்னாள். கேட்கக் கேட்க, இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத கதை அல்ல என்று தோன்றியது. அதனால்தான் சகோதரிகளே, அதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இறக்கத்தில் இருக்கும் ஆபத்து

மரதன் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைப் பட்டினம் போய், திரும்பி வருகிற தூரம் என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளுங்கள். பொஸ்ரன் மரதன் 1897ஆம் ஆண்டு தொடங்கியது. ஆண்டுதோறும் நடக்கும் மரதன் ஓட்டங்களில் உலகத்திலேயே பழையது இதுதான். விரைவாக ஓடக்கூடியவர் என்று முன்பே காட்டியவர்களுக்கே இடம் கிடைக்கும். மற்றவர்கள் ஏதாவது ஒரு தர்ம நிறுவனத்துக்காக நிதி சேர்த்துக் கொடுத்து ஓடலாம். பெறாமகள் அப்படித்தான் ஓடினாள்.

பாதை ஹொப்கின்ரன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முடிகிற இடமோ கடலோரப் பட்டினம். அப்படியென்றால் இறக்கம்தானே, சுகம்தானே என்று நினைப்போம். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது.

"சின்னம்மா, இறக்கத்தில கால் தன்பாட்டில ஓடும். நல்லா ஓடுறன் எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டே போவம். அங்கதான் காலை அழிக்கிறம்" என்றாள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்பக்கத் தசை, சைக்கிளில் பிரேக் பிடிப்பது போல, ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அப்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. அந்த நேரத்தில் வலி தெரியாது. 26 கிலோமீற்றர் ஓடி நியூற்றன் என்ற பகுதிக்கு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மேடுகள் வரும். கடைசி மேடு 32 கிலோமீற்றரைத் தாண்டிய பிறகு வருகிறது. உடம்பு சேர்த்து வைத்த மாச்சத்துத் தீரத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்தத் தூரத்தில்தான். அந்த மேடு 600 மீற்றர் நீளமும் 27 மீற்றர் உயரமும்தான். தனியே பார்த்தால் பெரிய மேடு அல்ல. வந்து நிற்கும் நேரம்தான் பெரிது.

அதற்கு 'மனமுடைக்கும் மேடு' என்று பெயர். 1936ஆம் ஆண்டு ஜோன் கெல்லி என்ற வீரர் இந்த மேடுகளில் முன்னால் போய்க்கொண்டிருந்த எலிசன் பிரவுணை எட்டிப் பிடித்து, போகிற போக்கில் தோளில் தட்டிவிட்டுப் போனார். நரகன்செற் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பிரவுண் அந்தத் தட்டலோடு வேகம் எடுத்து, கெல்லியை முந்தி வென்றார். கெல்லியின் மனம் அங்கே உடைந்தது என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பெறாமகள் அந்த மேட்டை ஓடி ஏறவில்லை. குறுகிய அடியாக வைத்து, இடையிடையே நடந்து ஏறினாள். அன்று குளிரும் தூறலும். அந்த இடத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "அம்மாவை நினைச்சன். தொண்ணூறாம் ஆண்டு அவ ஓடேக்க நான் அவட இடுப்பில இருந்தன். எனக்கு இடுப்பில ஒண்டும் இல்லைத்தானே" என்றாள். அவள் முடிக்க ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. முதலில் வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டு உறங்கியிருப்பார்கள். ஆனாலும் அவளுக்கும் பதக்கம் போட்டார்கள்.

"பெண்ணால் முடியாது" என்ற கடிதம்

அந்தப் பாதையில் பெண்கள் ஓடுவதற்கே நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பெரிதாக எழுதினார்கள். அதன் பிறகு 1960 வரை 800 மீற்றர் ஓட்டம்கூடப் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் கொடுக்கப்படவில்லை.

1966இல் பொபி கிப் என்ற 23 வயதுப் பெண் பொஸ்ரனில் ஓட விண்ணப்பம் கேட்டு எழுதினார். இவ்வளவு தூரம் ஓடப் பெண்ணின் உடம்பு இடம் கொடாது என்று பதில் வந்தது. அவரோ தாதிமார் அணியும் வெள்ளைத் தோல் சப்பாத்தோடு பயிற்சி செய்தவர். பதிலைப் படித்த பிறகும் மேற்குக் கரையிலிருந்து நாட்கணக்கில் பஸ்ஸில் பயணம் செய்து வந்தார். சகோதரனின் காற்சட்டையைப் போட்டு, தலையை மூடும் மேலங்கி அணிந்து, தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பற்றைக்குள் மறைந்திருந்து, ஆண்கள் ஓடத் தொடங்கியதும் நடுவில் புகுந்துகொண்டார். பெண் என்று கண்டுகொண்ட ஆண்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்களை வெளியேற்ற விடமாட்டோம் என்றார்கள். பாதி வழியில் வெல்ஸ்லி பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே நின்ற மாணவிகள் அவரைக் கண்டதும் கத்திக் குதித்தார்கள். புதுச் சப்பாத்துக் கடித்துக் கால் கொப்பளித்த நிலையிலும் 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஓடிய ஆண்களில் அதிகமானோர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1967இல், கத்ரின் சுவிற்சர் தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவுசெய்து, 261 என்ற இலக்கத்தோடு ஓடினார். வழியில் ஓட்டத்தை நடத்திய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த இலக்கத்தைப் பிடுங்கப் பார்த்தார். சுவிற்சர் நிற்கவில்லை. 1972இல்தான் பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது. அன்று 8 பெண்கள் ஓடினார்கள், 8 பேரும் முடித்தார்கள். பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இல் வந்தது. 50 ஆண்டுகள் கழித்து, 2017இல், தனது 70ஆவது வயதில் சுவிற்சர் அதே 261ஆம் இலக்கத்தோடு அதே பாதையை ஓடி முடித்தார்.

விட்டுவிடலாம் என்று நினைத்தவர் வென்றார்

2018ஆம் ஆண்டு ஓட்டத்தன்று கொட்டும் மழை, உறையும் குளிர், எதிர்க்காற்று. டெசிறே லிண்டன் என்ற வீராங்கனைக்குத் தொடக்கத்திலேயே உடம்பு சரியில்லை. நான் எப்படியும் விலகப் போகிறேன், அதற்குள் மற்றவர்களுக்கு ஏதும் உதவி செய்வோம் என்று எண்ணி, மலசலகூடத்துக்குப் போன தோழிக்காக வேகத்தைக் குறைத்துக் காத்து நின்று, அவரை மீண்டும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அப்படி ஓடி ஓடியே கடைசியில் அவரே முதலாவதாக வந்தார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கப் பெண் ஒருவர் அங்கே வென்றது அன்றுதான்.

இரண்டாவதாக வந்தவரை ஒருவருக்கும் தெரியாது. சேரா செல்லர்ஸ் என்ற அவர் மயக்க மருந்து கொடுக்கும் தாதி. முழுநேர வேலை செய்துகொண்டு, வேலைக்கு முன்பும் பின்பும் பயிற்சி எடுத்தவர். அடுப்பு மூட்ட விடியமுன் எழும்பும் எங்கள் பெண்களுக்கு இவரை நன்றாக விளங்கும்.

காலை இழந்த பிறகும்

2013 ஏப்ரல் 15ஆம் திகதி அந்த ஓட்டம் முடியும் இடத்தில் இரண்டு குண்டுகள் வெடித்தன. 3 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். பலர் கால்களை இழந்தார்கள். குண்டு என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஏட்ரியன் ஹஸ்லற் ஒரு நடன ஆசிரியை. ஓட்டம் பார்க்க நின்றவர். இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அதற்கு முன் அவர் ஓட்டக்காரி அல்ல. 2016இல் செயற்கைக் காலோடு அந்த 42 கிலோமீற்றரையும் கடந்தார். வழியில் செயற்கைக் கால் தொல்லை கொடுத்தது. நிறுத்தி, சரிபார்த்து, மீண்டும் நடந்து, பத்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து முடித்தார். 2019இல் வீதியைக் கடக்கும்போது கார் மோதி மறுபடியும் படுக்கையில் விழுந்தார். 2022இல் திரும்பவும் வந்து, முன்பு எடுத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரத்தில் ஓடி முடித்தார்.

அந்த நாட்டு வசதி வேறு, எங்கள் வசதி வேறு என்பது உண்மைதான். ஆனால் ஜெய்ப்பூர் கால் போட்டு வயலுக்கும் சந்தைக்கும் போய்வருகிற பெண்கள் எங்கள் வடக்குக் கிழக்கில் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒருவரும் பதக்கம் போடுவதில்லை.

எங்களைப் போன்ற பெண்கள்

கென்யாவின் ரெக்லா லொருப் 1994இல் நியூயோர்க் மரதனில் வென்றார். அந்த ஓட்டத்தில் வென்ற முதலாவது ஆபிரிக்கப் பெண் அவர். மாடு கவர்ந்தும் பழிவாங்கியும் ஒருவரையொருவர் கொன்றுவந்த இனக்குழுக்களை ஒன்றாக ஓட வைக்க 2003இல் ஒரு சமாதான அமைப்பைத் தொடங்கினார். 2016 ஒலிம்பிக்கில் முதன்முதலாக அகதிகளுக்கென்று ஓர் அணி வந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் இவரே. தென்சூடான் போரில் ஓடி, கென்யாவின் காக்குமா முகாமில் வளர்ந்த இரண்டு பெண்கள் அந்த அணியில் ஓடினார்கள்.

மெக்சிக்கோ மலைநாட்டுப் பெண் லொறேனா ரமிறேஸ், 2017இல் 50 கிலோமீற்றர் மலை ஓட்டத்தைப் பாவாடையும் சாதாரணச் செருப்புமாக ஓடி வென்றார்.

அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த திருமதி அகிலத்திருநாயகி 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் பெற்று வந்தாரே!

நாங்கள் என்ன செய்யலாம்?

மரதன் ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கிராமத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் விடியற்காலையில் வாய்க்கால் வீதியால் நடக்கிறோம். தொடங்கிய புதிதில் "உவையளுக்கு வீட்டில வேலை இல்லையோ" என்றார்கள். புருஷனை இழந்தவளுக்கு நடை என்ன என்றும் ஒருவர் கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை, நடந்தோம். இப்போது கேட்பதில்லை. கணவர் காணாமல் போய்ப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான ஒரு தங்கச்சி சொன்னாள்: "நடக்கிற நேரம் யோசினை கொஞ்சம் தள்ளி நிக்குது அக்கா." துயரத்துக்கு நடை மருந்து என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரை மணித்தியாலம் தள்ளி நிற்பதும் பெரிய காரியம்தான்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சுநோவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போகவேண்டாம்.

முதல் கிழமை 15 நிமிடம் நடந்தால் போதும். கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அரை மணித்தியாலம் இலகுவாக நடக்க வந்த பிறகு, விருப்பமிருந்தால் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடக்கலாம். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

ஏற்றத்தில் அடியைக் குறுக்கி வையுங்கள். இறக்கத்தில் காலைத் தன்பாட்டில் விடாதீர்கள். கோணேசர் கோயில் ஏற்றத்தில் போய்வருபவர்கள் இதை அங்கேயே பழகிப் பார்க்கலாம்.

பின்வார் உள்ள செருப்பு அல்லது கன்வஸ் சப்பாத்துப் போடுங்கள். செயற்கைக் கால் போடுபவர்கள் நடந்து வந்ததும் அதைக் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தால் ஆறும்வரை நிறுத்துங்கள்.

வியர்த்து வந்தால் தண்ணீரோடு உப்புப் போட்ட கஞ்சியும் குடியுங்கள்.

தனியே போகவேண்டாம். இருட்டோடு போகவேண்டாம். யானை வரும் காலத்தில் காட்டோரப் பாதையை விட்டு, ஆள் நடமாட்டமுள்ள வீதியால் போங்கள்.

உங்கள் ஊரில் நடக்க ஒரே ஒரு துணை கிடைத்தாலும் போதும், தொடங்குங்கள். முதல் நாள் வாசலில் நின்று யோசிப்பதுதான் மனமுடைக்கும் மேடு. அதற்குப் பிறகு வீதி சமனாகத்தான் இருக்கும்.