நடுகல்லில் இருப்பது சிலம்பமா?

சிலம்பம் எவ்வளவு பழசு? யாரைக் கேட்டாலும் பதில் ஆயிரக்கணக்கில்தான் வரும். இரண்டாயிரம், ஐயாயிரம்னு ஆளுக்கொரு கணக்கு. ஆதாரம் கேட்டால், "நடுகல்லைப் போய்ப் பாருங்க" என்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது சுலபம். ஏரிக்கரை, புளியந்தோப்பு, வயல் வரப்பு என்று பல இடங்களில் வீரன் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். பல ஊர்களில் இதே கல்லுக்கு வேடியப்பன் என்று பெயர், பொங்கல் வைக்கிறார்கள்.

சரி, இந்தக் கற்களை வைத்துச் சண்டைக்கலையின் வரலாற்றை எழுத முடியுமா? முடியும் என்பதுதான் என் கருத்து. ஆனால் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும்.

கல் எதைக் காட்டுகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்துப் பழைய நடுகற்களில் பல்லவர் காலத்து வட்டெழுத்து இருக்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்று சுருக்கமாகச் சொல்லும். "தொறு" என்றால் மாட்டு மந்தை. "பட்டான்" என்றால் இறந்துபட்டான். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் பாதிக் கல்வெட்டு புரிந்துவிடும். மந்தையைக் கவர்ந்தவர்கள், மீட்கப் போனவர்கள், அதில் செத்தவர்கள். பழைய தமிழ் இலக்கணம் வெட்சி, கரந்தை என்று சொன்னதும் இதைத்தான்.

ஆயுதங்களும் தெளிவாகவே தெரியும். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள். சில கற்களில் வீரன் உடம்பில் அம்பு தைத்திருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் புலிகுத்திக் கற்களும் உண்டு. பாய்ந்து வரும் புலியை ஈட்டியாலோ வாளாலோ குத்தும் ஆள். அவனும் பெரும்பாலும் மந்தையைக் காக்கப் போனவன்தான்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மந்தையைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது.

இப்போது கவனியுங்க. எதிரி, ஆயுதம், காரணம், நாயின் பெயர் வரை கல்லில் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: இவன் எங்கே கற்றான், யார் கற்றுக்கொடுத்தார், என்ன அடவு, என்ன வரிசை? வாத்தியாரும் இல்லை, களமும் இல்லை. ஆயுதம் இருப்பது வேறு, அதைக் கற்பிக்கும் முறை ஒன்று தலைமுறை தாண்டி வருவது வேறு. வில்லும் வாளும் பிடித்தவனைக் காட்டி, அதுதான் இன்றைய கம்பு வரிசை என்று சொன்னால் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தாண்டிவிடுகிறோம்.

எல்லை தாண்டினால்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் வழியில், ஓசூர் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் பேகூர். அங்கே 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு கன்னட வீரக்கல் இருக்கிறது. பெங்களூரு என்ற பெயர் முதலில் வருவது இதில்தான். பெங்களூரில் நடந்த சண்டையில் செத்தவருக்கு நட்ட கல். பேகூரிலேயே கிடைத்த இன்னொரு கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானை, குதிரை, காலாள் என்று முழுப் போர்க்களமே அதில் செதுக்கியிருக்கிறது. கங்க அரசன் எரேயப்பனுக்காக நாகத்தரன் என்பவன் போரில் இறந்தான். அரசன் அவனுடைய பட்டத்தை இருகன் என்பவனுக்குக் கட்டி, பேகூரை உள்ளிட்ட 12 ஊர்களைக் "கல்நாடு" கொடுத்தான் என்கிறது அந்தக் கல்.

தமிழ்ப் பக்கமும் இதே வழக்கம் உண்டு. இறந்த வீரனின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று பெயர். நெய்த்தோர் என்றாலும் இரத்தம்தான். கன்னடத்தில் நெத்தரு கொடகெ. சொல்கூட ஒன்றுதான். கல்லில் செதுக்கிய நாயும் இரண்டு பக்கமும் உண்டு. மண்டியா மாவட்டம் ஆதகூரில், பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற நாய்க்கு 10ஆம் நூற்றாண்டில் கல் நட்டிருக்கிறார்கள்.

அப்போ, "இது தமிழன் கலையா, கன்னடக் கலையா" என்ற சண்டை இந்தக் கற்களின் முன்னால் நிற்காது. மொழி மாறுகிறது, மேய்ச்சல் நிலமும் மந்தையும் அதற்காகச் சாகும் ஆளும் மாறவில்லை.

கேள்வியை மாற்றினால்

சண்டைக்கலை ஆய்வு என்பது இன்று தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. 2015 முதல் இதற்கென்று பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்விதழ் வருகிறது. அதற்கும் முன்னால், 1976இல் தொடங்கி கேரளத்தில் தானே களரிப்பயிற்சி எடுத்தவர் அமெரிக்கரான பிலிப் சரில்லி. களரிப்பயட்டு பற்றிய அவருடைய நூல் 1998இல் வந்தது. ரோமன் சீலர் கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடம் இருந்து எழுதிய நூல் 2015இல் வந்தது. அடிக்கத் தெரிந்த கையே ஏன் வைத்தியமும் பார்க்கிறது, ஆசான் எதை, ஏன் மறைக்கிறார் என்பவை அவர் கேட்ட கேள்விகள். இந்த ஆய்வுகளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: "எவ்வளவு பழசு" என்பதை ஓரமாக வைத்துவிட்டு, "யார் கற்றார்கள், எதற்காக, அதனால் என்ன கிடைத்தது" என்று கேட்பது.

இப்படிக் கேட்டால் நம்ம ஊர்க் கதை வேறு மாதிரி தெரிகிறது. முதலில் மந்தைக்காகச் சண்டை. கிடைத்தது கல்லும் நிலமும். பிறகு மைசூர் ஆட்சியில் கந்தாச்சாரம் என்ற படை: சொந்த ஊரில் உழுதுகொண்டிருந்து, கூப்பிட்டால் ஆயுதம் எடுக்கும் ஆட்கள். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் கம்பெனியிடம் போனது. அதன்பின் கூலிப் பட்டாளமும் போலீசும் வந்தன. ஊர்க்காரன் கையில் ஆயுதம் இருக்க வேண்டிய தேவையே குறைந்தது. 1878இன் ஆயுதச் சட்டம் வந்தபின் ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டும். மூங்கில் கம்புக்கு வேண்டாம். வாளும் வேலும் திருவிழாவுக்கும் சாமி அறைக்கும் ஒதுங்க, கம்பு மட்டும் பயிற்சிக் களத்தில் முன்னுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஊகிக்கிறேன்.

இன்று? தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஷிப்டு முடிந்து வரும் அப்பா பிள்ளையை சாயங்காலம் சிலம்ப வகுப்பில் விடுவதற்கு தமிழ்ப் பெருமை ஒரு காரணம். அந்தச் சர்டிபிகேட்டும் ஒரு காரணம். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. இருகன் வாங்கிய 12 ஊரும் அதே கணக்குதான். பிழைப்போடு ஒட்டியிருந்ததால்தான் இந்தக் கலை செத்துப்போகவில்லை.

ஐயாயிரம் வருஷம் என்று சொல்லும்போது நாம் இழப்பது இதைத்தான். மாடு மேய்த்தவனும் ஏர் உழுதவனும் காணாமல் போய், எங்கிருந்தோ வந்த மாவீரன் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான்.

ஒரு வேண்டுகோள்

ஓசூரைச் சுற்றி லேஅவுட்டும் கம்பெனியும் ரோடும் வேகமாக வருகின்றன. நிலத்தைச் சமப்படுத்தும்போது கல்லைப் பெயர்த்து ஓரமாகப் போட்டால் உருவம் பிழைக்கும். அது எந்த மேய்ச்சல் காட்டை, எந்த ஏரியைப் பார்த்து நின்றது என்ற தகவல் போய்விடும். மந்தைச் சண்டையின் வரலாற்றில் பாதி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே கல் ஒன்றைப் பார்த்தால் பொட்டும் பெயின்டும் வைப்பதற்கு முன் ஐந்து விஷயம் குறித்துக்கொள்ளுங்க: எந்தக் கையில் என்ன ஆயுதம், எதிரில் ஆளா புலியா, பக்கத்தில் மாடோ நாயோ உண்டா, எழுத்து இருந்தால் தமிழா கன்னடமா வட்டெழுத்தா, கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது. போனில் நாலு பக்கமும் படம் எடுத்து, மேப்பில் இடத்தையும் குறித்து, மாவட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு தகவல் கொடுத்தால் போதும். கல்லை மட்டும் நகர்த்தாதீங்க.