ட்ரெய்லர் நகர்த்தும் மோட்டார்: முதலில் நிலத்தைப் பாருங்கள்

கடை வாடகை கட்டுப்படியாகாத இந்தக் காலத்தில் சில்லுப் பூட்டிய கடைகள் பெருகி வருகின்றன. கொத்துரொட்டி, தேநீர், பழரசம் விற்கும் வண்டிகள் ஒருபுறம். ஜெனரேட்டர், தண்ணீர்த் தாங்கி, பந்தல் சாமான் ஏற்றி வாடகைக்கு விடும் ட்ரெய்லர்கள் மறுபுறம். சந்தியில் நிற்கும்போது உழைத்துத் தரும் இந்த வண்டி, வேலை முடிந்து வீட்டு வளவுக்குள் நுழையும்போதுதான் முதலாளியின் முதுகை முறிக்கிறது. இப்படியான வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும், செய்விக்க யோசிப்பவர்களுக்கும் இவ்வாரம் சில வார்த்தைகள்.

உடுப்பிட்டியில் உணவு வண்டி நடத்தும் ஒரு தம்பி அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, லண்டனிலை இருக்கிற அண்ணை, கரவனுக்குப் பூட்டிற மோட்டார் ஒண்டு வாங்கி அனுப்பட்டோ எண்டு கேக்கிறார். எங்கடை வண்டிக்குச் சரிவருமோ?"

அவருடைய நிலைமை இதுதான். பின்னேரம் ஒரு வான் வண்டியை இழுத்துக்கொண்டு நெல்லியடிப் பக்கம் போகும். இரவு கொண்டுவந்து ஒழுங்கை வாசலில் கழற்றிவிட்டுப் போய்விடும். இருபுறமும் மதில் உள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் வானைப் பின்னெடுத்து வண்டியைப் படலைக்குள் விட முடியாது. ஆகவே மூன்று பேர் தள்ளுவார்கள். ஒரு மாரி இரவில் மூன்றாவது ஆள் வரவில்லை. இரண்டு பேர் தள்ளியபோது சில்லு சறுக்கி, ஒருவருடைய கை மதிலுக்கும் வண்டிக்கும் இடையில் அகப்பட்டது. எலும்பு முறியாதது பெரிய காரியம். ஆனாலும் மூன்று கிழமை கொத்துப் போட ஆளில்லை, வருமானமும் இல்லை. ஆகவே இது ஆடம்பரத்துக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அல்ல.

அந்த மோட்டார் என்ன செய்கிறது?

கரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விடுமுறைக்குப் போகிறவர்கள் வைத்திருப்பது. அதை வீட்டு முற்றத்தில் திருப்பி நிறுத்துவதற்கென்றே இந்த மோட்டார் செய்யப்படுகிறது. ஜேர்மனியின் ட்ரூமா, பிரிட்டனின் பவர்டச் போன்றவை இதில் தெரிந்த பெயர்கள்.

வண்டியின் அடிச்சட்டத்தில், ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்றாக, உருளை பூட்டிய இரண்டு மோட்டார்கள் இருக்கும். கம்பியைத் திருகியோ சுவிட்சை அழுத்தியோ உருளையை டயரோடு நெருக்கினால் அது டயரைச் சுழற்றும். ஒரு பக்கம் முன்னுக்கும் மறுபக்கம் பின்னுக்கும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். 12 வோல்ட் பற்றரியில் ஓடும். கையில் ரிமோட்டுடன் ஓர் ஆள் போதும். வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மீற்றர். மோட்டார்த் தொகுதி சுமார் 30 கிலோ, பற்றரி இன்னுமொரு 20, 25 கிலோ. இந்தப் பாரம் முழுவதும் வண்டியின் சுமையோடு கூடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டாரின் பலத்தைத் தீர்மானிப்பது வண்டியின் எடை மட்டுமல்ல. அதைவிட முக்கியம் நிலம்.

நிலம் சொல்லும் கணக்கு

சாமான், காஸ் சிலிண்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மட்டமான கொங்கிறீட்டில், காற்று சரியாக உள்ள டயருடன் அதை உருட்டிச் செல்ல 10 முதல் 15 கிலோ வரை இழுவை போதும். இறுகிய கிரவலில் 20, 30 கிலோ தேவைப்படும். ஈரமான மண் வளவில் 100 கிலோ வரை போகும். புதையும் மணலில் 200, 300 கிலோ. வண்டி ஒன்றுதான், ஆனால் தேவைப்படும் பலம் இருபது மடங்கு மாறுகிறது.

அடுத்தது ஏற்றம். பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் மேலதிகமாக 100 கிலோ இழுவை வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம்தானே என்று நினைக்கலாம். ஆனால் படலைக்கு முன்னால் உள்ள மதகும் வாசற்படியும் தட்டையானவை அல்ல. இரண்டு அங்குலப் படி ஒன்று டயருக்கு முன்னால் நேராக நின்றால், அது பல அடி மணலை விடக் கூடுதலாகத் தடுக்கும்.

ஒரு மனிதன் தொடர்ந்து தள்ளக்கூடிய பலம் 20, 25 கிலோ அளவில்தான். எனவே கொங்கிறீட்டில் இரண்டு பேர் இலகுவாகத் தள்ளும் வண்டியை, மணலில் எட்டுப் பேரும் தள்ளித் திணறுவார்கள்.

உங்கள் வளவின் கணக்கை அறியப் பொறியியலாளர் தேவையில்லை. மூடை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை வண்டியின் கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டி மெதுவாக இழுங்கள். தராசு காட்டும் கிலோவே உங்களுக்குத் தேவையான இழுவை. வீதியிலும், ஒழுங்கையிலும், மதகிலும், வளவுக்குள்ளும் தனித்தனியாகப் பாருங்கள். மழை பெய்த மறுநாளும் ஒரு தடவை பாருங்கள். எந்த இடத்தில் முள் அதிகம் ஏறுகிறதோ அங்கேதான் உங்கள் பணம் போகவேண்டும்.

மோட்டாருக்கு முன் செய்யக்கூடியவை

முதலாவது, சில்லு ஓடும் இரண்டு கோடுகளுக்கு மட்டும் கொங்கிறீட் போடுவது. 40 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், நாலு அங்குலத் தடிப்பில் இரண்டு கோடுகளுக்கு ஏறக்குறைய ஒரு கனமீற்றர் கொங்கிறீட் போதும். ஒன்றுக்கு இரண்டு, நாலு என்ற கலவையில் 50 கிலோ சீமெந்து ஏழு மூடை அளவில் முடியும். மதகுப் படியை இதே வேலையோடு நீண்ட சரிவாக மாற்றிவிடலாம். ஒழுங்கை பொதுவானதென்றால் பிரதேச சபையிடமும் அயலவரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, முன்சில்லு. வண்டியின் கழுத்தின் கீழ் உள்ள ஒல்லியான கெட்டி ரப்பர்ச் சில்லு மண்ணை உழும். காற்றடிக்கும் அகலமான சில்லு புதையாது. இது சிறு செலவு.

மூன்றாவது, வானின் முன்பக்கத்திலும் ஒரு கொக்கி பூட்டுவது. வண்டியை முன்னால் கொழுவித் தள்ளிச் சென்றால் சாரதிக்கு எல்லாம் கண்ணெதிரே தெரியும். பின்னெடுத்து மதிலில் இடிக்கும் தொல்லை பெருமளவு குறையும். உறுதியான சட்டத்தில், தெரிந்த வேலைத்தளத்தில் பூட்டுவியுங்கள்.

நாலாவது, கைவிஞ்சு. நேராக உள்ளே இழுப்பதென்றால் வளவின் கோடியில் உறுதியான தூணில் கட்டி ஒருவரே இழுக்கலாம். மணலிலும் வேலை செய்யும். கயிறு அறுந்தால் ஆளை வெட்டும் என்பதால் கயிற்றின் நேரில் எவரும் நிற்கக்கூடாது.

லான்ட்மாஸ்டர் பிடித்து இழுப்பிக்கலாமே என்பார்கள். எப்போதாவது ஒரு தடவை என்றால் அதுவே மலிவு. கொக்கி பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். ஆனால் தினமும் நள்ளிரவில் வாடகை லான்ட்மாஸ்டர் வராது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட நாட்களில் பகலில் வருவதே கஷ்டமாக இருந்ததை நாம் மறக்கவில்லை.

வாங்குவதென்றால் எதைப் பார்க்கவேண்டும்?

தினமும் நகர்த்தவேண்டும், தள்ள ஒருவர்தான் இருக்கிறார், நிலமும் சீராக இருக்கிறது என்றால் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம். அப்போது கவனிக்கவேண்டியவை:

ஒன்று, கரவன் மோட்டார் வருடத்தில் சில தடவை நகரும் வண்டிக்காகச் செய்யப்பட்டது. எமது வியாபாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வருடத்தில் 300 நாளென்றால் 600 தடவை. ஆகவே உங்கள் எடைக்கு மட்டுமட்டாக உள்ளதை வாங்கக்கூடாது. விபரத்தாளில் எடையைச் சரிவோடு சேர்த்துப் படியுங்கள். மட்டத்தில் இழுக்கும் எடையை ஏற்றத்திலும் இழுக்கும் என்று எண்ணவேண்டாம்.

இரண்டு, அது பூட்டப்படும் சட்டம். கரவனின் மெல்லிய இரும்புச் சட்டத்துக்கு அளவெடுத்த பிடிகள், எமது ஊரில் சனல் இரும்பில் ஒட்டிய ட்ரெய்லருக்குப் பொருந்தமாட்டா. புதிதாகப் பிடி செய்யவேண்டும். உருளைக்கும் டயருக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். ஆழமான பள்ளம் வெட்டிய டயரில் உருளை குதிக்கும், சேறு பிடித்தால் சறுக்கும்.

மூன்று, பற்றரி. மட்டத்தில் 20, 30 அம்பியர் எடுக்கும் மோட்டார் ஏற்றத்தில் 100 அம்பியரையும் தாண்டும். லித்தியம் பற்றரி என்றால் அதன் பாதுகாப்புச் சுற்று இதைத் தாங்குமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மதகின் நடுவில் மின் அறுந்து நிற்கும். ஈயப் பற்றரி என்றால் அரைவாசிக்கு மேல் இறங்க விடாமல் தினமும் சார்ஜ் செய்யவேண்டும். கடை விளக்குக்கும் அதே பற்றரியைப் பாவித்தால் இரவு வண்டி ஒழுங்கையில் நின்றுவிடும்.

நாலு, திருத்தம். லண்டனில் கொடுக்கும் உத்தரவாதம் உடுப்பிட்டியில் பயன்படாது. உருளை, பல்சில்லு, ரிமோட் இவற்றுக்கு மாற்றுப் பாகம் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கப்பற்கூலியையும் தீர்வையையும் சுங்க முகவரிடம் கேட்டறிந்த பின்னரே சாமானை அனுப்பச் சொல்லுங்கள். அன்பளிப்பாக வருவதும் துறைமுகத்தில் செலவாகலாம்.

கழுத்தைப் பிடித்து இழுக்கும் கைப்பிடி மோட்டார் வண்டிகளும் உண்டு. அவை வண்டியின் கழுத்துப் பாரம் தம் சில்லை அழுத்துவதால்தான் நிலத்தைப் பிடிக்கின்றன. அந்தப் பாரம் 70, 80 கிலோதான் என்றால், மோட்டார் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் மணலில் சில்லு சும்மா சுற்றும். கொங்கிறீட்டில் மட்டும் அவை நல்லவை.

பாதுகாப்பு

நகர்த்துமுன் காஸ் சிலிண்டரை மூடுங்கள். சில்லுக்கு வைக்கும் கட்டையைக் கையோடு வைத்திருங்கள். நின்றதும் கைபிரேக் போடுங்கள், மோட்டாரை நம்பி விட்டுவிட்டுப் போகவேண்டாம். மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக்கூடாது, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். வானில் கொழுவி வீதிக்கு எடுக்குமுன் உருளைகளை டயரிலிருந்து கட்டாயம் விலக்குங்கள். மறந்து ஓடினால் பல்சில்லும் டயரும் சேர்ந்து போய்விடும்.

உடுப்பிட்டித் தம்பிக்கு நான் சொன்னதும் இந்த ஒழுங்கில்தான். முதலில் வண்டியை லொறித் தராசில் நிறுத்து எடையை அறியுங்கள். பின்னர் தொங்கு தராசால் இழுவையைப் பாருங்கள். அதன்பின் மதகையும் சில்லுக் கோட்டையும் சீர்செய்து, முன்சில்லை மாற்றுங்கள். மறுபடியும் இழுத்துப் பாருங்கள். தராசு 30 கிலோவுக்குக் கீழே காட்டினால் இரண்டு பேருக்கு அது போதும், அண்ணனின் பணம் மிச்சம். அப்போதும் ஒருவரால் முடியாதென்றால் மோட்டாரை எடுப்பியுங்கள். சீரான நிலத்தில் அது நீண்டகாலம் உழைக்கும். நிலத்தைத் திருத்தாமல் மோட்டாரை வாங்கினால் முதல் மாரியிலேயே மோட்டாரையும் சேர்த்துத் தள்ளவேண்டி வரும்.

கொங்கிறீட் போட்டு இறுகுவதற்கு நாட்கள் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் தராசை எடுத்துப் பாருங்கள்.